அடுத்து எந்த எழுத்தாளர்? அறிவியல் புனைகதை, ஃபேண்டஸி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு நாவல் மிகவும் பிடித்துவிட்டது. அடுத்து யாரைப் படிப்பது என்று எப்படி முடிவு செய்வது?

முடித்த நாவல் எந்த வகை என்று பார்க்காதீர்கள். அதில் எந்தப் பக்கங்களில் மெதுவாகப் போனீர்கள், எந்தப் பக்கங்களை அவசரமாகத் தாண்டினீர்கள் என்று யோசியுங்கள். "விண்வெளிக் கதை", "டிராகன் கதை", "காலப்பயணக் கதை" என்ற பெயர்கள் கதை எங்கே நடக்கிறது என்பதைத்தான் சொல்லும். உங்களைப் பிடித்து உட்கார வைத்தது எது என்பதைச் சொல்லாது.

போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாஃப் லெம் 1961இல் வெளியிட்ட 'சோலாரிஸ்' நாவலை எடுத்துக்கொள்வோம். ஒரு கோளை மூடிக் கிடக்கிறது ஒரு கடல். அதற்கு உயிரும் சிந்தனையும் உண்டோ என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சந்தேகப்படுகிறார்கள். அதை ஆராயும் நிலையத்துக்குக் கெல்வின் வந்து சேர்கிறான். தூங்கி எழுந்தால், என்றோ இறந்துபோன அவன் மனைவி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பதற்றத்துக்கு நடுவில் லெம் அவனை நூலகத்துக்கு அனுப்பிவிடுகிறார். அந்தக் கடலைப் பற்றி அறிஞர்கள் எழுதிக் குவித்த கோட்பாடுகள், மறுப்புகள், மறுப்புக்கு மறுப்புகள், கடல் எழுப்பி அழிக்கும் பிரம்மாண்ட வடிவங்களுக்கு அவர்கள் சூட்டிய பெயர்கள் என்று பக்கம் பக்கமாக நீள்கிறது.

இந்த இடத்தில் வாசகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். நூலகப் பக்கங்களில் தன்னை மறந்தவர், மனித அறிவுக்கு எட்டாத ஒன்றின் முன் நிற்கும் திகைப்பைத் தேடுகிறவர். அவர் அடுத்து லெம்மின் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' படிக்கலாம், அல்லது ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ரோட்சைட் பிக்னிக்' (1972) படிக்கலாம். பின்னதில் வேற்றுலகத்தினர் பூமிக்கு வந்து, மனிதர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன பொருள்களைத் திருட்டுத்தனமாக எடுத்து விற்றுப் பிழைக்கிறார்கள் சிலர். அந்த நூலகப் பக்கங்களைத் தள்ளிவிட்டு "அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று தவித்தவருக்கு வேண்டியது வேறு. அவருக்குக் கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' (2005) பொருந்தும். இருவரும் ரசித்தது ஒரே நாவலைத்தான். ஆனால் ஒருவருக்குச் சொன்ன நூலை மற்றவரிடம் கொடுத்தால் ஐம்பது பக்கத்தில் மூடிவைத்துவிடுவார்.

'டூன்' போலவே இன்னொன்று வேண்டும். யார் எழுதியிருக்கிறார்கள்?

முழுக்க அதே போல் யாரும் எழுதவில்லை. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் அந்த ஒரே நாவலுக்குள் நான்கைந்து நாவல்களுக்கான சரக்கை அடைத்துவிட்டார். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் வழி கிடைக்கும்.

நாவலின் முடிவில் பின்னிணைப்புகள் இருக்கின்றன. ஒன்று, கதை நடக்கும் அராக்கிஸ் என்ற பாலைவனக் கோளின் சூழலியலைச் சொல்கிறது. இன்னொன்று மதத்தைப் பற்றியது. மற்றொன்று பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பின் உள்நோக்கங்களைப் பற்றியது. எதை நீங்கள் ஆர்வத்தோடு படித்தீர்கள்? பாலைவனத்தில் ஒவ்வொரு சொட்டு நீரையும் சேமிக்கும் உடை, கோளின் தட்பவெப்பத்தையே மாற்றும் நூற்றாண்டுக் கனவு ஆகியவற்றில் மயங்கியவர் கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'ரெட் மார்ஸ்' (1992) படிக்க வேண்டும். செவ்வாயில் குடியேறிய முதல் நூறு பேர், அந்தக் கோளை அப்படியே விட்டுவைப்பதா, பூமிபோல் மாற்றுவதா என்று சண்டையிடும் கதை அது. பாறைகளைப் பற்றி நீண்ட விவரிப்புகள் வரும். அவற்றைச் சுமையாக நினைப்பவர்கள் அந்த முத்தொகுதியில் இறங்க வேண்டாம்.

பேரரசு, சூழ்ச்சி, குடும்பங்களின் பகை ஆகியவைதான் ஈர்த்தன என்றால் ஆன் லெக்கியின் 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' (2013). ஒரு காலத்தில் ஒரு போர்க்கப்பலாகவும், அதன் ஆணைக்கு ஆடும் பல உடல்களாகவும் இருந்த ஒரு மனம், இப்போது ஒற்றை உடலில் எஞ்சி நின்று கதை சொல்கிறது. மக்கள் ஒருவனைத் தெய்வத்தூதனாக்குவதும் அதனால் விளையும் கேடும்தான் உங்களை உலுக்கியது என்றால், வேறு எழுத்தாளரைத் தேடுவதற்கு முன் ஹெர்பர்ட்டே எழுதிய இரண்டாம் பாகமான 'டூன் மெசையா'வைப் படியுங்கள். முதல் பாகத்தை வெற்றிக்கதையாகப் படித்தவர்களுக்கு அவர் சொல்லும் பதில் அது. அளவில் சிறியது. பலர் அதைத் தாண்டிவிடுவது எனக்கு வருத்தம்தான்.

அறிவியல் புனைகதையைப் பழைய மேதைகளிடமிருந்துதான் தொடங்க வேண்டுமா?

தேவையில்லை. இது பாடத்திட்டம் அல்ல. பழைய மேதை அசிமோவைப் படிக்காமல் இன்றைய எழுத்தாளர் ஜெமிசினைப் படித்தால் எதுவும் புரியாமல் போகாது.

ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' முத்தொகுதி 1951 முதல் 1953 வரை நூலாக வந்தது. அதன் பெரும்பகுதி 1940களில் இதழ்களில் வெளிவந்த கதைகள். ஒரு பேரரசு வீழப்போவதைக் கணக்குப்போட்டுச் சொல்லும் அறிஞர், அந்தக் கணக்கின்படி நகரும் பல நூற்றாண்டுகள் என்ற கற்பனை இன்றும் வியக்கவைக்கிறது. ஆனால் கதையில் பெரும்பாலும் அறைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஓர் அத்தியாயத்தில் பழகிய மனிதர் அடுத்த அத்தியாயத்தில் வரலாற்றுப் பெயராகிவிடுகிறார். மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு படிக்கும் வாசகருக்கு இது வறட்சியாகத் தோன்றும். கருத்துக்காகப் படிப்பவருக்கு விருந்து.

பழையவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் எச். ஜி. வெல்ஸைச் சொல்வேன். 'தி டைம் மெஷின்' வந்தது 1895இல். ஒரே மாலையில் படித்து முடிக்கலாம், உரைநடையில் தூசி படியவில்லை.

எனக்கு அறிவியல் தெரியாது. இந்த வகையைப் படிக்க முடியுமா?

தாராளமாக. இந்த வகையின் மிகச் சிறந்த படைப்புகள் பலவற்றில் இயற்பியலைவிட மானுடவியலும் வரலாறும் மொழியியலும்தான் அதிகம். ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) நாவலில் காலப்பயணம் எப்படி நடக்கிறது என்று ஒரு வரி விளக்கம்கூட கிடையாது. 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தலைசுற்றி விழுகிறாள். எழுந்தால் ஓர் ஆற்றங்கரை. ஒரு வெள்ளைச் சிறுவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். காப்பாற்றிக் கரையேற்றியதும் அவள் முகத்துக்கு நேராகத் துப்பாக்கிக் குழல் நீள்கிறது. மறுகணம் தன் வீட்டுக்குள் சேறும் ஈரமுமாகக் கிடக்கிறாள். அவள் கணவன் கண்ணெதிரே கழிந்தது சில நொடிகள் மட்டுமே. அடிமை முறை நடந்த காலத்துக்கு அவள் மறுபடியும் மறுபடியும் இழுக்கப்படுகிறாள், ஒவ்வொரு முறையும் அதே பையனைக் காப்பாற்ற. அவன் அவளுடைய மூதாதை. அவனைச் சாக விட்டால் அவள் பிறக்க மாட்டாள். இதைப் படிக்க எந்தச் சூத்திரமும் வேண்டாம், நெஞ்சுரம் வேண்டும்.

மாறாக, கணக்குப் போட்டுச் சிக்கலை அவிழ்ப்பதையே ரசிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆண்டி வேர். அவருடைய 'தி மார்ஷன்' நாயகன் செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டு, இருக்கும் உருளைக்கிழங்கு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று கலோரிக் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்குதான் கதையே. அதை ரசித்தவர் ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராண்டேவூ வித் ராமா' (1973) பக்கம் போகலாம். மனிதர்கள் அதில் மங்கலாகத்தான் தெரிவார்கள். சூரியக் குடும்பத்துக்குள் நுழைந்த மாபெரும் உருளை வடிவக் கப்பல்தான் அதில் முக்கியப் பாத்திரம்.

விருதுப் பட்டியல்களை நம்பலாமா?

நம்பலாம், விருதை யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு. ஹியூகோ விருது 1953 முதல் வழங்கப்படுகிறது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது வாசகர்கள், வாக்களிக்கிறார்கள். ஆகவே கதையோட்டம் வலுவாக உள்ள நூல்கள் அங்கே முந்துகின்றன. நெபுலா விருதுக்கு வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்கள். ஆர்தர் சி. கிளார்க் விருதை ஒரு நடுவர் குழு தீர்மானிக்கிறது. 1987இல் அதன் முதல் விருதே மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலுக்குப் போனது. இலக்கிய நாவல்கள் பக்கம் சாயும் அந்த விருதின் போக்குக்கு இதுவே போதுமான சான்று.

வென்ற நூலைவிட இறுதிப்பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு நாவல் எந்த ஆண்டு எந்த விருதின் இறுதிப்பட்டியலில் இருந்தது என்று தேடி, அதே ஆண்டில் பக்கத்தில் இருந்த பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ரசனை கொண்ட ஒரு கூட்டம் ஒரே சமயத்தில் தேர்ந்தெடுத்த நூல்கள் அவை. "எல்லாக் காலத்துக்குமான சிறந்த நூறு" என்று வரும் பட்டியல்களால் இந்தப் பயன் கிடைப்பதில்லை. எல்லாப் பட்டியலிலும் அதே இருபது பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும்.

ஒருவர் நாற்பது நூல் எழுதியிருக்கிறார். எதில் தொடங்குவது?

"அவரைப் படித்தேன், ஒட்டவில்லை" என்று சொல்பவர்களில் பலர் தவறான நூலில் தொடங்கியவர்கள். டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு வரிசையில் 41 நாவல்கள் உள்ளன. முதல் நூலில் தொடங்குவதுதான் முறை என்று நினைத்து 1983இல் வந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்' எடுப்பவருக்கு, அக்கால ஃபேண்டஸி நாவல்களைக் கேலி செய்யும் நகைச்சுவைத் தொகுப்புதான் கிடைக்கும். பிராட்செட் பெரிய எழுத்தாளராக மலர்ந்தது பின்னால். 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) நாவலில் தொடங்குங்கள். யாரும் மதிக்காத ஒரு நகரக் காவல் படையும் குடிகாரத் தலைவர் ஒருவரும் அதில் வருகிறார்கள். எட்டாவதாக வந்த நூல் அது, ஆனாலும் முந்தைய ஏழைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. தனித்து நிற்கும் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் 'ஸ்மால் காட்ஸ்' (1992). நம்புகிறவர்கள் குறைந்துபோனதால் ஆமையாகச் சுருங்கிவிட்ட ஒரு கடவுளின் கதை. நம்பிக்கையையும் நிறுவனத்தையும் இவ்வளவு கருணையோடு பிரித்துக் காட்டிய இன்னொரு ஃபேண்டஸி நாவலை நான் படித்ததில்லை.

இயன் எம். பேங்க்ஸின் கல்ச்சர் வரிசைக்கும் இதே யோசனைதான். முதலில் வந்த 'கன்சிடர் ஃப்ளீபஸ்' வேண்டாம், 'தி பிளேயர் ஆஃப் கேம்ஸ்' (1988) போதும். ஒரு பேரரசில் ஆட்சியே ஓர் ஆட்டத்தின் முடிவைப் பொறுத்தது. எதற்கும் குறைவில்லாத சமூகத்திலிருந்து வரும் ஓர் ஆட்டக்காரன் அங்கே ஆடப் போகிறான்.

வெளியான வரிசையில் படிப்பதா, கதை நடக்கும் கால வரிசையில் படிப்பதா?

வெளியான வரிசை. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் சந்தேகம் வந்தால் இதுதான் என் பதில். பின்னால் எழுதிய முன்கதை, வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை வேறு வெளிச்சத்தில் காட்டத்தான் எழுதப்படுகிறது. சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' 1955இல் வந்த ஆறாவது நூல். நார்னியா உருவான கதையைச் சொல்வதால் இப்போதைய பதிப்புகள் அதற்கு முதல் எண்ணைக் கொடுக்கின்றன. அதை முதலில் படித்தால், 1950இல் வந்த நூலில் அலமாரிக்குள் நுழைந்த சிறுமி பனிக்காட்டில் ஒரு விளக்குக் கம்பத்தைக் காணும்போது அது எப்படி அங்கே வந்தது என்று உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அந்த முதல் வியப்பைப் பறிகொடுக்க வேண்டாம்.

முடிவுறாத தொடர்களைத் தொடங்கலாமா?

உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடர் 1996இல் தொடங்கியது. ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. பாட்ரிக் ராத்ஃபஸின் முத்தொகுதியில் இரண்டாம் நூல் வந்ததும் 2011இல்தான். மூன்றாவதற்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். வந்தவரை படித்தாலே நிறைவு என்று நினைப்பவர் தாராளமாகப் படிக்கலாம், மார்ட்டினின் மூன்றாம் நூல் தரும் அதிர்ச்சி ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

முடிவு தெரியாமல் தூக்கம் வராதவர்கள் முடிந்த தொடர்களுக்குப் போகட்டும். ராபின் ஹாப் 1995இல் 'அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்' நாவலில் தொடங்கி 16 நாவல்களில், 2017இல், தன் உலகத்தை முடித்துவைத்தார். அரசவையில் முறைகேடாகப் பிறந்த பிள்ளை என்று ஒதுக்கப்படும் ஃபிட்ஸ் என்ற பையனை, நரைத்துத் தளரும்வரை அவர் கைவிடுவதில்லை. மார்ட்டினிடம் மனிதர்கள் பிடித்திருந்தார்கள் என்றால் அடுத்த பெயர் ஹாப்தான். ஆனால் அவர் மெதுவாக எழுதுபவர், தன் நாயகனை மிகவும் வதைப்பவர். விண்வெளியில் அரசியல் வேண்டுமென்றால் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற ஒரே பெயரில் இருவர் சேர்ந்து எழுதிய 'எக்ஸ்பான்ஸ்' வரிசை இருக்கிறது. ஒன்பது நாவல்களில் 2021இல் அது நிறைவடைந்துவிட்டது. எழுதியவர் மறைந்த பின் முடிந்த தொடரும் உண்டு. ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமானார், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு 'வீல் ஆஃப் டைம்' வரிசையின் கடைசி மூன்று நூல்களைப் பிராண்டன் சாண்டர்சன் எழுதினார்.

மாயம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் ஃபேண்டஸி நல்லதா, விளக்காதது நல்லதா?

இரண்டும் வேறு வேறு இன்பங்கள். சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' (2006) நாவலில் உலோகத் துகளை விழுங்கி, வயிற்றுக்குள் அதை எரித்தால் சக்தி கிடைக்கும். எஃகு தள்ளும், இரும்பு இழுக்கும், தகரம் புலன்களைக் கூர்மையாக்கும். விதிகளை வாசகரும் கற்றுக்கொள்கிறார், அதனால் இக்கட்டிலிருந்து நாயகி எப்படித் தப்புவாள் என்று கூடவே கணக்குப் போட முடிகிறது. துப்பறியும் கதை ரசிகர்களுக்கு இது உவப்பாக இருக்கும்.

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) எதிர்த் திசையில் போகிறது. எண்ணிலடங்காத மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் அலையடிக்கும் கடல். அந்த வீட்டில் வாழும் ஒருவர் நாட்குறிப்பு எழுதுகிறார். வீடு ஏன் இருக்கிறது என்பதை நூல் முழுதாகச் சொல்வதே இல்லை. சொல்லாததால்தான் அது இவ்வளவு அழகாக இருக்கிறது. சாண்டர்சனை ரசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு "ஒன்றுமே நடக்கவில்லை" என்பதும், கிளார்க்கை ரசிப்பவர்கள் சாண்டர்சனின் உரைநடை தட்டையாக இருக்கிறது என்பதும் வழக்கம். இரு பக்கமும் உண்மை இருக்கிறது.

டோல்கியன் வழியில் வந்த குள்ளர்களும் எல்ஃபுகளும் சலித்துவிட்டார்கள் என்றால் என். கே. ஜெமிசினிடம் போங்கள். 'தி ஃபிஃப்த் சீசன்' (2015) நாவலில் நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் கொண்டவர்களைச் சமூகம் அஞ்சுகிறது, பயன்படுத்திக்கொள்கிறது, கொல்கிறது. கதையின் ஒரு பகுதி முழுவதும் "நீ" என்று உங்களையே விளித்து எழுதப்பட்டிருக்கிறது. சில பக்கங்கள் திணறும், பிறகு அந்த விளிப்பு எதற்கு என்று புரியும்போது அசந்துபோவீர்கள். அந்த முத்தொகுதியின் மூன்று நூல்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து ஹியூகோ வென்றன. அதற்கு முன் யாருக்கும் அப்படி அமையவில்லை.

தடித்த நாவலில் இறங்க நேரமில்லை. ஒரு புதிய எழுத்தாளரைச் சோதித்துப் பார்க்கச் சுருக்கமான வழி உண்டா?

சிறுகதை. இந்த வகையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அறிவியல் புனைகதை வளர்ந்ததே இதழ்களில்தான்.

டெட் சியாங் முழுநீள நாவலே வெளியிட்டதில்லை. 2002இலும் 2019இலும் வந்த இரண்டு தொகுதிகள்தான் அவருடைய படைப்புலகம். 1990இல் வெளியான அவருடைய முதல் கதை 'டவர் ஆஃப் பாபிலான்'. பாபேல் கோபுரத்தைப் பற்றிய பழங்கதையை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார். வானம் ஒரு கெட்டியான கூரை. கோபுரம் அதைத் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டது, கூரையைக் குடைந்து திறக்கச் சுரங்கத் தொழிலாளர்களை அழைக்கிறார்கள். வண்டிகளை இழுத்துக்கொண்டு அவர்கள் மாதக்கணக்கில் ஏறுகிறார்கள். வழியில் கோபுரத்திலேயே பிறந்து, மண்ணையே மிதிக்காத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் மாடங்களில் காய்கறி பயிரிடுகிறார்கள். ஏற ஏற ஒரு கட்டத்தில் சூரியனே இவர்களுக்குக் கீழே போய்விடுகிறது. வெயில் கீழிருந்து மேலாக அடிக்கிறது. அறிவியலே இல்லாத கதை போலத் தோன்றும். ஆனால் ஓர் உலகத்தின் விதியை ஒப்புக்கொண்டபின் அதிலிருந்து ஒரு மயிரிழைகூட விலகாமல் கடைசிவரை யோசிப்பதைவிட அறிவியலான காரியம் என்ன இருக்கிறது? சியாங் பிடித்துவிட்டால் இந்த வகையில் எதையும் நீங்கள் படிப்பீர்கள்.

சிறுகதைக்கும் நாவலுக்கும் நடுவே குறுநாவல் இருக்கிறது. நெபுலா விதிப்படி 17,500 சொல்லுக்கு மேல், 40,000 சொல்லுக்குள். மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (2017) அந்த அளவில் ஒரு சிறந்த தொடக்கம். தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை ரகசியமாக முடக்கிவிட்ட ஒரு பாதுகாப்பு இயந்திரம், சுதந்திரம் கிடைத்ததும் செய்ய விரும்புவது தொடர் நாடகங்கள் பார்ப்பதை மட்டுமே. ஆனால் அது காக்க வேண்டிய மனிதர்கள் ஆபத்தில் சிக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதாத எழுத்தாளர்களைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர் யார், எதிலிருந்து பெயர்த்தார் என்பதை. 'சோலாரிஸ்' 1970இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது போலிஷ் மூலத்திலிருந்து வரவில்லை, பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. மூலத்திலிருந்து நேராகப் பெயர்த்தவர் பில் ஜான்ஸ்டன். அது 2011இல்தான் கிடைத்தது. முடிந்தால் அதைத் தேடிப் படியுங்கள்.

சீன எழுத்தாளர் லியூ சிசினின் 'தி த்ரீ-பாடி பிராப்ளம்' 2014இல் ஆங்கிலத்தில் வந்து அடுத்த ஆண்டே ஹியூகோ பெற்றது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று அந்த விருதை வென்றது அதுவே முதல் முறை. சீன நூல் பதிப்பில் பண்பாட்டுப் புரட்சிக் காட்சிகள் நடுவில் இருந்தன. மொழிபெயர்ப்பாளர் கென் லியூ அவற்றைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார், ஆசிரியர் முதலில் நினைத்திருந்ததும் அந்த அமைப்பைத்தான். அந்தத் தொடக்கம் இல்லையென்றால், வேற்றுலகத்துக்குச் செய்தி அனுப்பும் பெண்ணின் கசப்பு நமக்கு உறைக்காது. இரண்டாம் பாகத்தைப் பெயர்த்தவர் வேறொருவர் என்பதால் நடை மாறியிருப்பதை உணர்வீர்கள். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், மூன்றில் சிறந்தது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழில் யாரிடமிருந்து தொடங்கலாம்?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', பிறகு அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'. ஜீனோ என்ற இயந்திர நாய் இன்றும் வாசகர்களின் செல்லம். அவருடைய அறிவியல் சிறுகதைகள் நாவல்களைவிடக் கூர்மையானவை. வேறு திசை வேண்டுமென்றால் ஜெயமோகனின் 'விசும்பு' தொகுதி. அங்கே அறிவியல், தத்துவக் கேள்விகளுக்குள் போகும் வழியாகிறது.

படத்தைப் பார்த்துவிட்டேன். இனி நூலைப் படிப்பதில் பயன் உண்டா?

உண்டு. 'ஸ்டாக்கர்' (1979) படத்துக்கும் 'ரோட்சைட் பிக்னிக்' நாவலுக்கும் தடைசெய்யப்பட்ட ஒரு பகுதியும் ஓர் ஆசையும் மட்டுமே பொது. ஃபிலிப் கே. டிக்கின் 1968 நாவலிலிருந்து எடுத்த 'பிளேடு ரன்னர்' படத்தில், உயிருள்ள விலங்கு ஒன்றை வைத்திருப்பதுதான் கௌரவம் என்ற நாவலின் மையமே பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. டிக்கைப் படத்தின் வழியாக மட்டும் அறிந்தவர் அவரை இன்னும் சந்திக்கவில்லை.

எத்தனை பக்கம்வரை பொறுத்துப் பார்ப்பது?

புரியாமல் இருப்பதையும் பிடிக்காமல் இருப்பதையும் பிரித்துப் பாருங்கள். இந்த வகையில் முதல் ஐம்பது பக்கம் புரியாமல் இருப்பது இயல்பு, எழுத்தாளர் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார். ஏட்ரியன் சாய்கோவ்ஸ்கியின் 'சில்ட்ரன் ஆஃப் டைம்' (2015) சிலந்திகளின் நாகரிகம் தலைமுறை தலைமுறையாக வளர்வதைச் சொல்கிறது. அதிர்வுகளால் பேசும் அவற்றின் உலகம் பழகச் சற்று நேரமாகும். பொறுத்தவர்கள் கடைசியில் மனிதர்களைவிடச் சிலந்திகளின் பக்கம் நின்று கவலைப்படுகிறார்கள். ஆனால் வாக்கியங்களே எரிச்சலூட்டுகின்றன, யாரைப் பற்றியும் அக்கறை வரவில்லை என்றால் மூடிவிடுங்கள். அடுத்த நூல் காத்திருக்கிறது.

ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

உர்சுலா கே. லெ குவின். அறிவியல் புனைகதை, ஃபேண்டஸி இரண்டிலும் உச்சத்தைத் தொட்டவர்கள் மிகச் சிலர், அவர்களில் இவரைப்போல் வாக்கியத்தை மதித்தவரும் குறைவு.

ஃபேண்டஸி நாட்டம் உள்ளவர் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) எடுக்கட்டும். சிறிய நூல். செருக்கில் தானே அவிழ்த்துவிட்ட ஒரு நிழலிடமிருந்து ஓடும் இளைஞன், ஒரு கட்டத்தில் திரும்பி அதைத் துரத்தத் தொடங்குகிறான். அறிவியல் புனைகதை வேண்டுபவருக்கு 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969). ஆண், பெண் என்ற நிலையான பிரிவே இல்லாத ஒரு குளிர்கோளுக்குத் தூதனாக வருகிறான் ஜென்லி ஐ. அவனுக்கு உதவுவதாலேயே நாடு கடத்தப்படுகிறார் எஸ்ட்ரவன். தொடக்க அத்தியாயங்களில் அரசவைச் சூழ்ச்சியும் பழக்கமில்லாத பெயர்களும் குழப்பும். அப்போது நிறுத்த வேண்டாம். நாவலின் பிற்பகுதியில் இருவரும் ஒரு பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு பனிப்பாளத்தைக் கடக்கிறார்கள். உணவை எடைபோட்டுப் பங்கிடுகிறார்கள், ஒரே கூடாரத்தில் படுக்கிறார்கள், ஒருவரை ஒருவர் இத்தனை நாள் எவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்று மெல்லக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பயணம் வரையிலாவது படியுங்கள்.